சாமி பார்க்க வேண்டிய படம்

பிரயோங் நாற்காலி துடைக்கிறாள். முதலில் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. சிவப்பு நாற்காலிகள் இரண்டுக்கு மட்டும்தான் இந்த உபசாரம். பின்னால் அடுக்கி வைத்திருக்கும் நீல நாற்காலிகளில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்தாலும் அவள் கண்ணில் படாது. அவை ஜனங்களுக்கு. சிவப்பு இரண்டும் கோயில் சாமி சாவ் போவுக்கும் அவர் பெண்டாட்டிக்கும். கோயில் வாசலிலிருந்து இறங்கி வந்து, காலை நீட்டி உட்கார்ந்து படம் பார்க்க அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா.

துடைத்து முடித்து அவள் நிமிர்வதற்குள் கோயில் நாய் வலது பக்கத்து நாற்காலியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். தினமும் நடப்பதுதான்.

"எறங்குடா. அது அம்மா எடம். ஒனக்கு வேணும்னா நீலத்துல ஏறிக்க."

நாய் இறங்கும். பிரயோங் அந்த நாற்காலியை மறுபடி முதலிலிருந்து துடைப்பாள், ஈரத்துணி, காய்ந்த துணி. தா க்லாங் சந்தையில் மீன் விற்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் விளக்குப் போடும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

அவள் தொழில் சாமிக்குப் படம் காட்டுவது. மகனுக்குப் பட்டாளக் குலுக்கலில் கறுப்புச் சீட்டு விழுந்து வீட்டோடு தங்கிவிட்டால் படம். கொரியாவுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடைத்தால் படம். லாட்டரி, நிலத் தகராறு, தலைப்பிரசவம், எல்லாவற்றுக்கும் படம். "சாவ் போ, இதை மட்டும் முடித்துக் கொடு, மூன்று நாள் படம் போடுகிறேன்" என்று ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போவார்கள். காரியம் ஆனதும் பிரயோங்கின் போன் அடிக்கும். வேண்டிக்கொண்டவர் வந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. பல சாயங்காலங்களில் அந்த முற்றத்துக் கூட்டமே இரண்டு சிவப்பு நாற்காலிகளும் ஒரு நாயும் பிரயோங்கும் அவள் தங்கை சம்லீயும்தான். படம் பாட்டுக்கு ஓடும். மழையிலும் ஓடும். படம் காட்டும் கருவிக்கு மட்டும் குடை பிடிப்பார்கள்.

சம்லீதான் வண்டி ஓட்டுகிறவள், ஒயர் இழுக்கிறவள், பின்னால் நின்று கருவியைக் கவனிக்கிறவள். புருஷனோடு ஒத்துப்போகாமல் அக்காவிடம் வந்து சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சிரிப்புப் படம் என்றால் உயிரை விடுவாள். நூறு தடவை போட்ட படத்துக்கும் அதே இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பாள். பிரயோங்கோ படமே பார்ப்பதில்லை. திரையைத் தாங்கும் இரும்புக் குழாயின் அடியில், திரைக்கு முதுகு காட்டி, சிவப்பு நாற்காலிகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வாயில் மிளகாய் உப்பில் புரட்டிய புளி உருண்டை ஒன்று இருக்கும்.

"படம் பாக்கறதா என் வேல? பாக்கறவரு மொகத்தப் பாக்கறதுதான் என் வேல" என்பாள்.

காலி நாற்காலியில் என்ன முகம் தெரியும் என்று கேட்டால் வாசலில் இருக்கும் ஊதுபத்திக் கிண்ணத்தைக் காட்டுவாள். எரிந்த சாம்பல் உதிராமல் வளைந்து நின்றால் படம் பிடித்திருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் அவருக்குச் சலிப்பு. கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா? பிரயோங் சாவ் போவைப் பற்றிப் பேசும்போது கடைக்கு வாடிக்கையாக வரும் மாமனாரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். "நேத்து கொட்டாவி விட்டாரு. அந்தக் காதல் கண்றாவிய இனிமே போடாத." "அவருக்குச் சண்டை வேணும். நல்லாக் கண்ணாடி ஒடையணும்." சாவ் போவின் ரசனையைப் பற்றி இந்த ஆற்றங்கரையில் அவளுக்கு மேல் தெரிந்தவர் இல்லை என்று அவளும் நம்பினாள், ஊரும் நம்பியது.

படம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. பலாக்கொட்டையைப் பாதியாகப் பிளந்தது போல, பிறை வடிவில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. சாவ் போவிடம் கேள்வியைச் சொல்லிவிட்டு இரண்டையும் தரையில் விட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழுந்தால் சரி என்கிறார். இரண்டும் வளைவு மேலே இருந்தால் மாட்டேன் என்கிறார். இரண்டும் தட்டை மேலே இருந்தால் சிரிக்கிறார். சிரிப்புக்கு மட்டும் ஆளாளுக்கு ஓர் அர்த்தம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹெங், சிரித்தால் சந்தோஷம் என்பார். சந்தைக்காரர்கள், நீ கேட்டது அவருக்கு விளங்கவில்லை, மறுபடி கேள் என்பார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் தம்ரோங் வந்து கேட்டான். படகுத்துறைக்குப் பக்கத்தில் டயர் ஒட்டும் கடை வைத்திருப்பவன். அதிகம் பேசாதவன். பெண்டாட்டி ரம்பாய்க்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"யோங் அக்கா, அவருக்கு எந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்?"

"சண்டைப் படம்" என்றாள் பிரயோங். யார் கேட்டாலும் சொல்கிற பதில். யோசிக்கக்கூட இல்லை.

ரம்பாய் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தால் ஒன்பது நாள் சண்டைப் படம் என்று அவன் வேண்டிக்கொண்டான். ஒன்பது நாள் வேண்டுதல் சந்தையில் யாரும் கேள்விப்படாதது. ரம்பாய் நடந்து வரவில்லை.

அவள் போன நூறாம் நாள் பிக்குகளுக்கு அன்னம் கொடுத்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு தம்ரோங் கோயில் முற்றத்துக்கு வந்தான். பிரயோங் வேறு யாருக்கோ திரை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குச் சண்டைப் படம்தான் பிடிக்கும்னு சொன்னீங்க."

"ஆமா தம்பி."

"ஒம்போது சொன்னேன். வேண்டாம்னுட்டாரு."

பிரயோங் வாயிலிருந்த புளியை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். "படத்துக்காகவா தம்பி இதெல்லாம் நடக்குது."

"வேற எதுக்காக நடக்குது? நீங்க சொல்லுங்க."

பிரயோங் கையிலிருந்த கயிற்றைக் குழாயில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கு ஒரு படம் போடணும்" என்றான் தம்ரோங். "வேண்டுதல் இல்ல. வேண்டறதெல்லாம் முடிஞ்சுபோச்சு. ஏன் இப்படி நடந்துச்சுன்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டே போகணும். ஒருத்தனும் பதில் சொல்லக்கூடாது. அப்படி ஒரு படத்த அவரு எறங்கி வந்து உக்காந்து முழுசாப் பாக்கணும். அவ்வளவுதான்."

"அப்படியெல்லாம் யாருய்யா படம் எடுப்பா?"

"எவனாவது எடுத்திருப்பான். எனக்கு மட்டுமா நடந்திருக்கு." பிறகு உள்ளே தங்கப் பூச்சோடு ஜோடியாக உட்கார்ந்திருந்த இரண்டு சிலைகளையும் பார்த்தான். "பக்கத்துலயே பொண்டாட்டிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு என்ன தெரியப்போவுது."

அன்று பிரயோங் நாற்காலி துடைக்க மறந்துபோனாள். சம்லீதான் துடைத்தாள்.

"நீ வேற படம் சொல்லியிருந்தா அவ பொழச்சிருப்பாளா? பைத்தியமாக்கா ஒனக்கு?" என்று வண்டியில் திரும்பும்போது சம்லீ கேட்டாள்.

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன் பாரு, அதான் குத்துது."

"இப்ப என்ன பண்ணப்போற?"

"அவன் கேட்ட படத்தக் கண்டுபிடிக்கப்போறேன்."

உடும்பு பிடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டாள். படமே பார்க்காதவள் படம் தேடிப் புறப்பட்டது எங்கள் சந்தைக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. முதலில் பஸ் நிலையத்தில் பழைய படத்தட்டு விற்பவனிடம் போய், "ஏன்னு கேக்கற படம் இருக்கா?" என்றாள். அவன் போலீஸ் துப்பறியும் படம் கொடுத்தான். "இதுல கடைசில கண்டுபிடிச்சிடறானே" என்று அடுத்த நாளே திருப்பினாள். "கண்டுபிடிக்கலேன்னா எவன் அக்கா வாங்குவான்?" என்றான் அவன். பிறகு பேய்ப்படம் கொடுத்தான். செத்தவள் திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் காரணம் சொன்னாள். அதுவும் திரும்பிவிட்டது. போன் பழுது பார்ப்பவன், ஐஸ் லாரிக்காரன், சவப்பெட்டிக் கடைக்காரன் என்று ஒருவரையும் விடவில்லை. அவள் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே, "எனக்கு ஏன்னு கேக்கத் தெரியாதுக்கா, என்ன வெலன்னுதான் கேக்கத் தெரியும்" என்று கோழிக்கடைக்காரி முன்னெச்சரிக்கையாகச் சொல்லிவிடுவாள்.

கடைசியில் நகரத்துக் கல்லூரி ஒன்றின் மாடியில் சனிக்கிழமைதோறும் படம் போடுகிறார்கள் என்று தெரிந்தது. நிதா என்ற ஆசிரியை நடத்துகிறாள். எண்ணிப் பத்துப் பதினைந்து பேர், தரையில் பாய், கையில் இனிப்புக் காப்பி. பிரயோங்கும் சம்லீயும் ரப்பர் பூட்ஸோடு அங்கே போய் நின்றார்கள். விஷயத்தைக் கேட்ட நிதா சிரிக்கவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"அக்கா, நாங்க இத்தன வருஷமாப் பாக்கறது பூரா அந்த மாதிரிப் படம்தான். ஆனா யாருக்குக் காட்டறோம்னு இவ்வளவு தெளிவா எங்கள்ள ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப குடு" என்றாள் பிரயோங்.

கொடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நிதா ஒரு படம் எடுத்துவைப்பாள். பிரயோங் பழக்கப்படி சுவர் ஓரமாக, திரைக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்து பார்க்கிறவர்களைப் பார்ப்பாள். சம்லீ பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். விளக்குப் போட்டதும் பிரயோங் கேட்பது எப்போதும் ஒன்றுதான்.

"கடைசில அவனுக்குப் பதில் கெடச்சுதா?"

கிடைத்தது என்றால் வேண்டாம். கடலில் குதித்துவிட்டான் என்றால் அதுவும் வேண்டாம். "சாவறதெல்லாம் அவருக்குப் புதுசா? தெனம் பாக்கறாரு. இருந்துக்கிட்டே கேக்கணும்." கனவில் பெண்டாட்டி வந்து தடவிக்கொடுத்த படத்தை, "இதக் காட்டினா, பாத்தியா நான்தான் அனுப்பினேன்னு அவரே பேர் வாங்கிக்குவாரு" என்று ஒதுக்கினாள். ஒரு சுவரையே நெடுநேரம் காட்டிய படம் ஒன்று. மாணவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். "சுவரப் பாக்கணும்னா அவருக்கு நாலு பக்கமும் இருக்கே" என்றாள். தாடி வைத்த ஒருவன் புத்தக அறையில் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே போன படத்துக்கு மட்டும் சற்று யோசித்தாள். "கேக்கறவன் பதிலையும் அவனே பேசிடறான். தம்ரோங் டயர் ஒட்டறவன். அவனுக்குப் பேச வராது."

நிதாவுக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. தன் படங்களைத் தானே மறுபடி பார்க்க ஆரம்பித்தாள். வெளியூர் நண்பர்களுக்கு எழுதிக் கேட்டாள். மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாமி பார்க்க ஒரு படம் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் சொந்த விஷயமாகிவிட்டது. மழை நின்று, தண்ணீர் வடிந்து, விளக்கு மிதக்கவிடும் திருவிழாவும் வந்து போனது. தம்ரோங் ஒருநாள்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கடையைத் தாண்டும்போதெல்லாம் பிரயோங்தான் குற்றவாளி மாதிரி, "தேடிக்கிட்டிருக்கேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவன் டயரிலிருந்து தலையை உயர்த்தாமல் ஆட்டுவான்.

படம் கிடைத்த சனிக்கிழமை விளக்குப் போட்டபோது பிரயோங் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அவள் சம்லீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்லீ தூங்கவில்லை. பாயில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் பிடித்திருந்தாள்.

"என்னடி, தூங்கலியா?"

"தூங்கலாம்னுதான் பாத்தேன். அந்த ஆளு எங்கயாவது போய் உக்காந்துட்டா தூங்கலாம்னு பாத்தேன். அவன் உக்காரவே மாட்டேங்கறானே."

"இதான்" என்றாள் பிரயோங்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும். ஹெங் கேட்டவுடன் கையை விரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் சந்தையில் இரண்டு மீன் அழுகினாலும் கோயிலில் என்ன குறை என்று அவரிடம்தான் கேட்பார்கள்.

"அழுகாச்சிப் படத்த சாமி முன்னாடி போடுவாங்களா? அவரு மொகம் வாடினா சந்தைல ஒரு மீன் விக்காது. சிரிப்புப் படம், சண்டைப் படம், இந்த ரெண்டுதான் எங்கப்பா காலத்துலேர்ந்து."

"அண்ணே, இதுல யாரும் அழமாட்டாங்க."

"அதவிட மோசம். அழுதாலாவது தொடச்சிக்கலாம்."

"அவரயே கேட்டுடுவோம்" என்று பிரயோங் பிறைக்கட்டைகளை எடுத்தாள். முதல் தடவை இரண்டும் வளைவு. மாட்டேன். ஹெங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் திருப்தியாகத் துடைத்தார். "மூணு தடவ கேக்கலாம்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க" என்று மறுபடி விட்டாள். இரண்டும் தட்டை. சிரித்தார். மூன்றாவது தடவை ஒன்று தட்டை, ஒன்று வளைவு. பிரயோங் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். மூன்றாவது தடவையும் மாட்டேன் என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று சம்லீ பிறகு கேட்டாள். "நாளைக்கு வந்து மறுபடி கேட்டிருப்பேன்" என்றாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. படம் யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில் பேசியது. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. சாவ் போவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா என்பதில் சந்தைக்குள் இரண்டு கட்சி உண்டானது. பிரயோங் விவாதத்துக்கே போகவில்லை. அவள் அப்பா ஊர் ஊராகத் திரை கட்டி, மைக்கைப் பிடித்து, கதாநாயகன் முதல் குதிரை வரை எல்லாக் குரலும் தானே கொடுத்தவர். நிதா வசனத்தை எழுதிக் கொடுத்தாள். பேச்சு குறைவான படம்தான். படத்தில் வரும் அதிகாரிகளையெல்லாம் சம்லீ பேசுவாள், அவர்களிடம் கேட்டுக்கொண்டே போகும் ஆளைப் பிரயோங் பேசுவாள் என்று முடிவாயிற்று. அதனால்தான் அன்று சாயங்காலம் பிரயோங் முதல்முறையாகக் திரைக் குழாயின் அடியை விட்டுவிட்டுப் பின்னால் வந்து, கருவிக்குப் பக்கத்தில், திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். பேசுகிறவனின் வாயைப் பார்க்காமல் எப்படிப் பேசுவது? சாவ் போவின் முகத்தை அன்று அவளால் பார்க்க முடியவில்லை. கையில் மைக், வாயில் புளி இல்லை.

விஷயம் தெரிந்து நீல நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வறுத்த மீனும் ஒட்டரிசியும் பொட்டலம் பொட்டலமாக வந்தன. நிதா மாணவர்களோடு வந்து ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். தம்ரோங் அதே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. மதில் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். திரையை அவன் பார்த்ததாகத் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு சிவப்பு நாற்காலிகளைத்தான் பார்த்தான்.

படத்தில் ஒருவன் ரயில் நிலையத்தில் எடைபோடும் கருவி வைத்திருக்கிறான். ஒருநாள் ரயில் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுகிறது. ஓடிவந்து ஏறப்பார்த்த அவன் மகள் சக்கரத்தில் விழுந்து போய்விடுகிறாள். யார் ரயிலை முன்னால் எடுக்கச் சொன்னது என்று அவன் கேட்கிறான். நிலைய அதிகாரி இன்னோர் ஊருக்கு அனுப்புகிறார். அங்கே இருப்பவர் இன்னும் பெரிய ஊருக்கு. ஒரு மேஜையில் அவனை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் தருகிறார்கள், இன்னொன்றில் அவன் எடைக்கருவிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சம்லீ ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். மூக்கால் பேசினாள், கரகரத்தாள், எங்கள் தாலுகா அலுவலகத்து ஆள் ஒருவர் மாதிரியே தொண்டையைச் செருமினாள். சந்தை ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்கவேண்டிய இடங்கள்தான். பிரயோங் மட்டும் எல்லா ஊரிலும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். "யாருங்க எடுக்கச் சொன்னது?" அலங்காரம் இல்லாமல், துறையில் படகு எப்போது வரும் என்று கேட்பது போல.

கடைசியாக எல்லோருக்கும் மேலே உள்ளவரின் அறைக்கு அவன் போய்ச் சேர்கிறான். அறையில் ஆள் இல்லை. மின்விசிறி சுற்றுகிறது. அவன் காத்திருக்கிறான். வெளியே வெளிச்சம் மாறுகிறது. ஒருவரும் வரவில்லை. "இருக்கீங்களா?" என்கிறான். பிரயோங் அதைச் சொன்னபோது ஒலிபெருக்கியில் அவள் குரல் கோயிலுக்குள் போய்த் திரும்பி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து விசிறியை நிறுத்துகிறான். வீட்டுக்கு வருகிறான். ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுகிறான். சற்று நின்று இன்னொரு பிடி எடுத்துப் போடுகிறான். அடுப்பு எரிகிறது. படம் அவ்வளவுதான்.

ஹெங்தான் முதலில் அசைந்தார். சடங்கை முடித்துவிட்டால் தன் பொறுப்பு தீர்ந்தது என்கிற அவசரத்தோடு கட்டைகளைக் கொண்டுவந்து தம்ரோங்கிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"எனக்கு அவருகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம். பாத்தாரான்னு மட்டும் கேளுங்க."

பிரயோங் வாங்கிக்கொண்டாள். வாசலில் மண்டியிட்டாள். "பாத்தீங்களா?" என்று கேட்டுக் கட்டைகளை விட்டாள்.

இரண்டும் தட்டை.

"சிரிக்கறாரு" என்றார் ஹெங். அவருக்கு மூச்சு வந்தது. "படம் பிடிச்சுபோச்சு. நல்லதாப் போச்சு, நல்லதாப் போச்சு. சாமானெல்லாம் கட்டுங்க, நேரமாவுது."

சந்தையில் சிலர் கை கூப்பினார்கள். சம்லீ ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். தம்ரோங் சுவரிலிருந்து முதுகை எடுத்தான்.

"சிரிக்கறாரா" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. தரையில் வைத்திருந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

பிரயோங் கட்டைகளைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை சனிக்கிழமைகளும் இத்தனை பேர் உழைப்பும் போகட்டும். ஒருவன் பேசத் தெரியாமல் பேசியதைக் கேட்டுவிட்டா சிரிப்பது? அவளுக்கு இந்த ஊரில் யாரிடமும் பயமில்லை. இத்தனை காலம் முகம் பார்த்துப் பழகிய ஆளிடமா பயம்?

"தம்பி, நில்லு" என்றாள். "சம்லீ, ஒயரச் சுத்தாத."

"ஏன்?"

"அவரு சரியாப் பாக்கல. மொதல்லேர்ந்து போடு."

"அக்கா, மறுபடியுமா? முழுசாவா?"

"முழுசா."

முன்வரிசைக்குப் போனாள். வலது பக்கத்துச் சிவப்பு நாற்காலியின் முன்னால் நின்று கை கூப்பினாள். பிறகு அதை இரண்டு கையாலும், யாரோ அதில் உட்கார்ந்திருப்பது போல, ஆடாமல் அசையாமல் தூக்கினாள். தரையில் இழுக்கவில்லை. நீல நாற்காலிக்காரர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள்.

"யோங், அம்மாவ எங்க கொண்டுபோற?" என்றார் ஹெங்.

அவள் நடந்துகொண்டே இருந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், கருவிக்கு அப்பால், முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தாலும் தெரியாத இருட்டில் அதை இறக்கி வைத்தாள். தோளிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு முன்னால் திரும்பி வந்தாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒற்றையாக நின்ற சாவ் போவின் நாற்காலியை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள், காய்ந்த துணியால் ஒரு தடவை. நடந்து வந்து மைக்கை எடுத்துக்கொண்டாள்.